படத்துக்குப் போட்ட சாமந்தி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம் தொடங்கியது இது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் லைன் லீடர். ஒரு வரிசை தையல் மிஷின்கள், அவற்றில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பெண்கள், அவர்களுடைய வேலை, லீவு, சண்டை எல்லாம் என் தலையில்தான்.

எங்களுக்கு வேலை பழக்குவதற்காகச் சீனாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, காது வரைக்கும் வெட்டின முடி. அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவர் 'மேடம்'தான். என்னை அவர் 'லீடா' என்பார். தமிழில் அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 'ஜல்தி', 'வேணா', 'மறுபடி'. தைத்ததை வாங்கி நகத்தால் தையலைத் தடவிப் பார்ப்பார். ஒரு தையல் கோணியிருந்தாலும் "மறுபடி!" என்று மேஜையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மிஷினுக்கு எண்ணெ விட்டா சத்தம் கொறையுது. இந்தம்மாவுக்கு எத விடறதுன்னே தெரியலக்கா" என்பாள் என் லைனில் ஒருத்தி.

எனக்கு மட்டும் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை. எந்த ஊர், என்ன சாப்பிடுவார், வீட்டில் யார் யார்? கேட்பதற்குத் தைரியமும் இல்லை, பாஷையும் இல்லை. புரட்டாசி பௌர்ணமி அன்றைக்குத்தான் ஒரு சந்தர்ப்பம் வந்தது. இடைவேளையில் ஒரு அட்டைப் பெட்டியோடு எங்கள் லைனுக்கு வந்தார். உள்ளே உள்ளங்கை அளவில் வட்ட வட்டமாகப் பலகாரம், மேலே பூ அச்சு. கத்தியால் நறுக்கினார். நடுவில் மஞ்சளாக ஒரு உருண்டை. போனில் அவர் பாஷையில் பேசினால் அது தமிழில் சொல்லும். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னது: "இன்று எங்கள் நிலாத் திருநாள். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து நிலா பார்க்கும். நடுவில் இருப்பது உப்பிட்ட வாத்து முட்டை."

முட்டை என்றதும் நீட்டின கைகள் எல்லாம் பின்னால் போய்விட்டன. புரட்டாசி மாதம், பாதிப் பேர் கவிச்சி தொடாமல் இருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மேடம் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் புரட்டாசிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, நான் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். மேலே சோமாஸ் மாவு மாதிரி, உள்ளே பூரணம் மாதிரி இனிப்பு, திடீரென்று உப்பு. நன்றாகத்தான் இருந்தது. "நிலாவுல இன்னா இருக்கு மேடம்?" என்று போனில் கேட்டேன். மருந்தைக் குடித்து மிதந்து நிலாவுக்கே போய்விட்ட ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். அவளுக்குத் துணையாக அங்கே ஒரு முயல் மருந்து இடித்துக்கொண்டிருக்கிறதாம். எங்களுக்கும் நிலாவில் முயல்தான் தெரியும் என்றேன். ஆச்சரியமாக என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். "ஜொங்ச்சியூ குவாய்ல" என்று அந்தப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லவும் பழக்கினார். ஆனால் மறுநாள் காலையில் பழையபடி "மறுபடி!"தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது. பண்டிகையன்று கம்பெனி லீவு, அதனால் முந்தின நாள் மதியமே பூஜை. காலையிலிருந்து மிஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கூடை கூடையாகச் சாமந்திப் பூ. மேடம் ஏதோ மீட்டிங்கில் இருந்தார்.

அவருடைய மேஜையை நான்தான் அலங்கரித்தேன். அதில் சின்னதாக ஒரு போட்டோ, ஃப்ரேம் போட்டது. குல்லா போட்ட ஒரு பெரியவர் கையில் கோலோடு மலைப் படிக்கட்டில் நிற்பார். மேடத்தின் ஜாடை அப்படியே இருக்கும். தினமும் காலையில் வந்ததும் மேடம் அந்தப் படத்தை ஒரு தடவை தொடுவார். அவருடைய அப்பா, காலமாகிவிட்டவர் என்று நாங்களாகவே முடிவு பண்ணியிருந்தோம். உயிரோடு இருக்கிறவர் படத்தை யார் இப்படி வைத்துத் தினமும் தொடுவார்கள்? அதனால் நல்ல வெள்ளைச் சாமந்தியாகப் பொறுக்கி ஒரு சரம் கட்டிப் படத்துக்குப் போட்டேன். நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. முன்னால் ஊதுபத்தியும் ஏற்றினேன். மேடம் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அவர் வந்தார். மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஓடிப்போய்ச் சரத்தைப் பிடுங்கித் தரையில் எறிந்தார். சட்டைக் கையால் குங்குமத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். ஊதுபத்தியைத் தண்ணீர்க் கிளாஸில் போட்டு அணைத்தார்.

என் லைன் கொதித்துவிட்டது.

"சாமிப் பூவ கீழ போட்டுச்சுக்கா!"

"நம்ம பூஜன்னா அவ்ளோ எளக்காரமா? மேனேஜர கூப்புடுக்கா. இந்தம்மா இருந்தா நாங்க பூஜைக்கு வர மாட்டோம்."

எனக்கும் கோபம்தான். நான் கட்டின பூவாயிற்றே. ஆனால் கோபத்தைவிட, ஏன் இப்படிச் செய்தார் என்கிற கேள்வி பெரிதாக இருந்தது. "இருங்கடி, மொதல்ல கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு என் போனை அவர் முன்னால் நீட்டினேன். "ஏன் மேடம் பூவ எறிஞ்சீங்க?"

அவர் பேசினார். போன் எந்த உணர்ச்சியும் இல்லாமல் தமிழில் சொன்னது: "வெள்ளைச் சாமந்தி இறந்தவர்களுக்கு வைப்பது. என் தந்தை உயிருடன் இருக்கிறார். நோயில் படுத்திருக்கிறார். நீங்கள் இன்று அவரைக் கொன்றுவிட்டீர்கள்."

உயிரோடு இருக்கிறவர் படத்துக்குப் பூப்போட்டுப் பொட்டு வைத்தால் நம் வீடுகளில் சும்மா இருப்போமா? என் அப்பா படத்துக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் நான் அவர்களை என்ன செய்திருப்பேன்? அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாம பண்ணிட்டேன் மேடம். எங்க ஊர்லயும் இது தப்புதான். செத்துட்டாருன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

அதைப் போன் அவர் பாஷையில் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து மிஷினில் இருந்த ஒரு மஞ்சள் சாமந்தியை எடுத்து உருட்டிப் பார்த்தார். "மஞ்சள் நல்லது" என்றது போன். "நாளை ஒன்பதாவது மாதத்தின் ஒன்பதாவது நாள். எங்களுக்குத் திருநாள். மஞ்சள் சாமந்தியும் உயரமான இடமும் வேண்டும். நீங்கள் ஏன் எல்லா மிஷினுக்கும் சாமந்தி வைத்தீர்கள்?"

இப்போது கேள்வி கேட்பது அவர் முறை. நவராத்திரியில் ஒன்பதாவது நாள், நவமி, வேலை செய்கிற கருவிகளைக் கும்பிடுகிற நாள் என்று சொன்னேன். எந்த நாளிலிருந்து ஒன்பது எண்ணுவீர்கள் என்றார். அமாவாசையிலிருந்து என்றேன். அவர்களும் அமாவாசைக்கு அமாவாசை எண்ணித்தான் மாதம் வைக்கிறார்களாம். மேஜையில் சாக்பீஸால் இரண்டு ஒன்பது போட்டார். இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கேயோ இருக்கிற ஊர், அதே அமாவாசை, அதே ஒன்பது, அதே சாமந்தி!

அந்தப் பண்டிகை எப்படி வந்தது என்று கேட்டேன். போன் சொன்னதைக் கேட்டு என் லைன் இன்னொரு தடவை கலங்கிவிட்டது. "ஒன்பதாம் நாள் ஆபத்து வருகிறது. குடும்பத்தோடு மலைக்கு ஓடுங்கள். வீட்டில் உள்ள கோழிகள் அனைத்தும் செத்துவிடும்."

"இன்னாக்கா சொல்லுது? என் வூட்ல பதினோரு கோழி கீது!" என்று ஒருத்தி எழுந்தே விட்டாள்.

மறுபடி மறுபடி கேட்டதில்தான் புரிந்தது, அது பழைய கதை. ஒருவரை அவருடைய குரு எச்சரித்தாராம், இந்த நாளில் உன் ஊருக்குக் கெடுதல் வரும், குடும்பத்தை அழைத்துக்கொண்டு மலை ஏறிவிடு என்று. அப்படியே ஏறினார்கள். சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தால் வீட்டில் கோழி, மாடு எல்லாம் செத்துக் கிடந்தன. மனிதர்கள் மட்டும் பிழைத்தார்கள். அதிலிருந்து வருடா வருடம் மலை ஏறுகிறார்களாம். இப்போது அது பெரியவர்களுக்கான நாளாகவும் ஆகிவிட்டது. கோழிக்காரி நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மேடம் சிரித்தார். முதல் தடவையாக.

வருடா வருடம் அப்பாவோடு ஏறுவாராம். மேஜையில் இருந்தது அப்படி ஏறினபோது எடுத்த படம்தான். இந்த வருடம் அப்பாவால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. மகள் இந்தியாவில் ஒரு மலை ஏறி, அங்கிருந்து போனில் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். "இங்கே மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

"நா கூட்டிக்கினு போறேன் மேடம்" என்றேன். என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கூடவே, இந்தப் பண்டிகைக்கும் 'குவாய்ல' என்று வாழ்த்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அது சந்தோஷமாக இரு என்பது. இது ஆபத்திலிருந்து தப்பிக்கிற நாள், அதனால் 'ச்சொங்யாங் ஆன்காங்' என்று சொல்ல வேண்டும், நோய்நொடி இல்லாமல் நிம்மதியாக இரு என்று அர்த்தம். ஒன்றுக்கு ஒன்று மாற்றிச் சொல்லக் கூடாதாம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் திகைத்துப்போனார். "இன்னாமே, பண்டிக நாளும் அதுவுமா சைனாக்காரம்மாவ ஏத்திக்கினு மலைக்கா?"

"நா பண்ண வேலைக்கு இதுகூட செய்யலன்னா எப்டிங்க?"

"செரி, ஸ்டாண்டுல பூஜ போட்டுட்டு ஜல்தியா வந்துடறேன். மயிலம் போலாமா?"

மயிலம் மலையின் படத்தை மேடத்துக்கு அனுப்பினோம். 'சின்னது' என்று பதில் வந்தது. அப்புறம் செஞ்சி படத்தை அனுப்பினோம். உடனே ஒரு கட்டை விரல்.

காலையில் வாழைக்கன்றும் மாலையும் கட்டின ஆட்டோவில் மூன்று பேரும் செஞ்சிக்குப் போனோம். திருவண்ணாமலை ரோட்டோரம் இருக்கிற ராணிக்கோட்டை மலையை மேடம் அண்ணாந்து பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். காதோரம் ஒரு மஞ்சள் சாமந்தியைச் செருகிக்கொண்டார். கையில் ஒரு டிபன் டப்பா. அரிசி மாவும் பேரீச்சை மாதிரி ஒரு காய்ந்த பழமும் அடுக்கடுக்காக வைத்து ஆவியில் வேகவைத்த கேக், விடியற்காலையில் எழுந்து செய்தாராம். அவர்கள் பாஷையில் கேக்குக்கும் உயரத்துக்கும் ஒரே சத்தம். மலை இல்லாத ஊர்க்காரர்கள், ஏற முடியாதவர்கள், இந்தக் கேக்கைச் சாப்பிட்டாலே ஏறினதாகக் கணக்காம். அப்பாவுக்கும் அங்கே வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்து கொடுத்தால் தூங்கிவிடுவார், அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதற்குள் கூப்பிட வேண்டும் என்று மேடம் படிகளில் விறுவிறுவென்று ஏறினார். எனக்கும் என் கணவருக்கும்தான் மூச்சு வாங்கியது.

பாதி மலையைத் தாண்டினதும் ஒரு திருப்பத்தில் நின்று மேடம் போனை எடுத்தார். எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு பெரிய குரங்கு. போனைப் பறித்துக்கொண்டு மதில்மேல் தாவி உட்கார்ந்துவிட்டது. மதிலுக்கு அந்தப்பக்கம் வெறும் பாறைச் சரிவு.

"ஏய்! ஏய்!" என்று என் கணவர் குச்சியை ஓங்கினார். குரங்கு இன்னும் ஓரத்துக்குப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. நேற்றுதான் அவருடைய அப்பாவைப் படத்தில் சாகடித்தேன், இன்றைக்கு அந்த அப்பாவோடு பேச இருக்கிற ஒரே வழியும் பாறையில் விழப்போகிறது. "போச்சுங்க, எல்லாம் என்னாலதான்" என்று தலையில் கை வைத்துவிட்டேன்.

மேடம் கத்தவில்லை. என் கணவரின் குச்சியை வாங்கிக் கீழே போட்டார். "வேணா" என்றார். படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறந்து, கேக்கில் ஒரு துண்டைப் பிட்டு, அவசரமே இல்லாமல் தின்ன ஆரம்பித்தார். குரங்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது பார்த்தது. கழுத்தை நீட்டியது. அவர் இன்னொரு துண்டைப் பிட்டார். அது மதிலிலிருந்து இறங்கி வந்தது. டப்பாவை முழுசாக அதன் பக்கம் தள்ளிவிட்டு நகர்ந்துகொண்டார். குரங்கு போனைப் போட்டுவிட்டுக் கேக்கை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டது. அவருடைய ஊர் மலையிலும் குரங்குத் தொல்லை உண்டு என்று பின்னால் தெரிந்தது.

ஆனால் போன் கல்லில் முகம் குப்புற விழுந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க விரிசல். திரை எரிந்தது, மேல்பாதி தொட்டால் கேட்டது. கீழ்ப்பாதி செத்துவிட்டது. கூப்பிடுகிற பொத்தானோ கீழ்ப்பாதியில்! அவருடைய அப்பா வீட்டில் பயன்படுத்துகிற சீன ஆப் என் போனில் கிடையாது. மேடம் அழுத்தினார், துடைத்தார், மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. குரங்கிடம் அசராத அந்த அம்மாவின் கண்ணிலிருந்து அப்போது பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "அப்பா... தூக்கம்... ஜல்தி..." என்றார்.

உடைந்த போனை ஒரு வருடம் ஓட்டினவள் நான். சட்டென்று நினைவு வந்தது. "குடுங்க மேடம்" என்று வாங்கி, மேலே இருக்கிற செட்டிங்கை இழுத்து, திரை திரும்புகிற மாதிரி வைத்து, போனை அகலவாக்கில் சாய்த்தேன். படம் திரும்பியது. பொத்தான் உயிருள்ள பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் விரலைப் பிடித்து நானே அதன்மேல் வைத்தேன்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தார்கள். கட்டிலில் தலையணைமேல் சாய்ந்தபடி அந்தப் பெரியவர். படத்தில் இருந்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தார், ஆனால் அதே குல்லா. மேடம் பேசிக்கொண்டே மீதிப் படிகளில் ஏற ஆரம்பித்தார். படிகளைக் காட்டினார், மதிலைக் காட்டினார், கேக் தின்கிற குரங்கையும் காட்டினார். உச்சிக்குப் போய் நின்று போனை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். எதிரே ராஜா கோட்டை, அடுக்கி வைத்த மாதிரி பாறைகள், கீழே பச்சை வயல், ஏரித் தண்ணீர், எறும்பு மாதிரி பஸ்கள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன். எட்டிப் பார்த்தால் பெரியவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு துண்டுக் கேக்.

மேடம் போனை என் பக்கம் திருப்பினார். கும்பிட்டேன். "ச்சொங்யாங் ஆன்காங்" என்றேன். பெரியவர் இரண்டு கையையும் சேர்த்து ஆட்டி, அதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். நேற்று நான் யாருக்குச் சாவுப் பூப் போட்டேனோ, அவர் வாயால் எனக்கு வாழ்த்து. என் கணவர் அந்தப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் காற்றில் தூசி என்றார்.

பொங்கலுக்கு முன்னால் மேடத்தின் ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்குப் போய்விட்டார். போகும் நாள் வரைக்கும் "மறுபடி" குறையவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எங்களுக்கு அது உறைக்கவில்லை. அடுத்த ஆயுத பூஜை சமயம், புதிதாக வந்த சீன டெக்னீஷியன் என்னைத் தேடி வந்து தன் போனை என் காதில் வைத்தார். மேடத்தின் குரல். சொந்தமாகத் தமிழில் பேசிப் பதிவு பண்ணியிருந்தார்.

"லீடா. அப்பா இப்ப இல்ல. தை மாசம் போனாரு. நான் பக்கம் இருந்தேன். வீட்டுக்கு யாரு வந்தாலும் அப்பா சொன்னாரு, 'இந்த வருஷம் நான் இந்தியா மலை ஏறினேன்.' எல்லாருக்கும் சொன்னாரு. லீடா, ச்சொங்யாங் ஆன்காங்."

அன்றைக்குப் பூ தரையில் விழுந்ததும் நான் சண்டைக்குப் போயிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. இப்போதெல்லாம் என் லைனில் யாராவது காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தால், பதிலுக்குக் கத்துவதற்கு முன்னால் இவளுக்கு இன்றைக்கு என்ன நாளோ என்று யோசிக்கிறேன், யோசிப்பதோடு விடாமல் பக்கத்தில் போய்க் கேட்டும் விடுகிறேன்.